எந்த வாசல் யாருக்குத் திறக்கிறது?
தில்லித் தனியார் பள்ளிகளில் மேல்வகுப்புச் சேர்க்கை

தில்லிக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பத்தினர் தங்கள் கணக்கை இங்குள்ள கிளைக்கு மாற்றிக்கொள்ள வரும்போது, முகவரிச் சான்றுக்கு அடுத்தபடியாகப் பள்ளியைப் பற்றியே பெரும்பாலும் விசாரிக்கின்றனர். ‘இங்கே எது நல்ல பள்ளி?’ என்பது வழக்கமான கேள்வி. அதற்கு ஒரு வங்கி அலுவலர் விடை சொல்வது பொருத்தமன்று. ஆயினும் ‘எந்தப் பள்ளி எவ்வகை மாணவரைத் தேடுகிறது, எதை அளந்து தேடுகிறது?’ என்ற கேள்விக்கு விடை காண முடியும். அதில் பெரும்பகுதி சட்டத்திலும், பள்ளிகள் தாமே வெளியிடும் விவரங்களிலும் இருக்கிறது. ஒரு பள்ளி வாசலில் எதை அளக்கிறதோ அதையே வகுப்பறையிலும் நான்காண்டுகள் அளந்துகொண்டிருக்கும் என்பது எங்கள் எண்ணம். ஆகவே சேர்க்கை முறையைப் படிப்பது, அங்கே பிள்ளையின் நாள்கள் எவ்வாறு கழியும் என்பதை முன்கூட்டியே படிப்பதாகும்.

மழலை வகுப்பில் சல்லடை இல்லை

தில்லியின் பெயர்பெற்ற தனியார் பள்ளிகளில் பெரும்பாலான இடங்கள் மழலை வகுப்பிலேயே நிரம்பிவிடுகின்றன. ஒரு காலத்தில் மூன்று வயதுக் குழந்தையையும் அதன் பெற்றோரையும் நேர்காணல் செய்து சேர்த்தனர். தந்தையின் பதவி, தாயின் ஆங்கிலம் ஆகியவை குழந்தையின் தகுதியாகக் கொள்ளப்பட்டன. இவ்வழக்கம் தில்லி உயர் நீதிமன்றத்தின் முன் வந்தபோது, 2006-ஆம் ஆண்டில் அசோக் கங்குலி தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அப்போது சி.பி.எஸ்.இ. எனப்படும் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் தலைவராக இருந்தவர் அவர். நேர்காணலை நீக்கி, நூறு புள்ளிகளைப் பல காரணங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் முறையை அக்குழு வகுத்தது.

பின்னர் வந்த 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இதை நாடு முழுமைக்கும் உறுதியாக்கியது. அதன் 13-ஆம் பிரிவு, குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துச் சேர்ப்பதைத் தடை செய்கிறது. மீறும் பள்ளிக்கு முதன்முறை 25,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரையும் தண்டம் உண்டு. நன்கொடை வாங்கினால், வாங்கிய தொகையின் பத்து மடங்கு வரை தண்டம் விதிக்கலாம்.

இன்று தில்லிப் பள்ளிகள் தத்தம் புள்ளி அட்டவணையைப் பகிரங்கமாக வெளியிடுகின்றன. வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்துக்கே பல பள்ளிகளில் மிகுதியான புள்ளி. உடன்பிறந்தார் அங்கே படித்தால் சில புள்ளிகள். பெற்றோர் பழைய மாணவரானால் இன்னும் சில. சமநிலை வந்தால் குலுக்கல். 2013 டிசம்பரில் துணைநிலை ஆளுநர் பிறப்பித்த ஆணை தூரத்துக்கு மட்டும் 70 புள்ளிகள் தந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. நிருவாக ஒதுக்கீட்டைப் பற்றியும் இவ்வாறே அரசும் பள்ளிகளும் நீதிமன்றத்தில் மாறி மாறி நின்றன. அந்த வழக்குகளின் கதை நெடியது. மேல்வகுப்பில் சேர வரும் நமக்கு அதிலிருந்து வேண்டிய செய்தி ஒன்றே. தில்லியின் புகழ்பெற்ற பள்ளியொன்றில் மழலை வகுப்பு முதல் படிக்கும் பிள்ளை, அங்கே பெரும்பாலும் வீட்டின் தூரத்தாலும் அதிர்ஷ்டத்தாலும் சேர்ந்த பிள்ளை. அதே பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் புதிதாய்ச் சேரும் பிள்ளையின் கதை வேறு.

ஒன்பதும் பதினொன்றும்

கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை, எட்டாம் வகுப்பு வரை செல்லும். அதற்கு மேல் பள்ளிகள் மதிப்பெண் பார்க்கலாம். எழுத்துத் தேர்வு வைக்கலாம். சல்லடை அங்கேதான் தொடங்குகிறது.

சி.பி.எஸ்.இ. ஒன்பதையும் பத்தையும் ஒரே ஈராண்டுப் படிப்பாகவும், பதினொன்றையும் பன்னிரண்டையும் இன்னோர் ஈராண்டுப் படிப்பாகவும் கருதுகிறது. ஒன்பதிலும் பதினொன்றிலும் மாணவரின் பெயரை வாரியத்தில் பதிவு செய்கின்றனர். பத்திலோ பன்னிரண்டிலோ நேரடியாகச் சேர்வது, பெற்றோரின் பணிமாற்றம் போன்ற விதிவிலக்கான காரணங்களுக்கு மட்டுமே. ஆகவே மேல்வகுப்புக்கு உண்மையான வாசல்கள் இரண்டுதான். அவற்றுள் ஒன்பதின் வாசல் மிகக் குறுகியது. ஒரு பிரிவில் 40 மாணவர் என்பது வாரியத்தின் பொதுவான அளவு. மழலை வகுப்பில் வந்தவர்களே அவ்விடங்களில் அமர்ந்திருப்பார்கள். யாரேனும் ஊர் மாறினால்தான் ஓரிடம் காலியாகும்.

பதினொன்றில் நிலைமை வேறு. அறிவியல், வணிகவியல், கலை எனப் பிரிவுகள் மாறுவதாலும், சிலர் வேறு பள்ளிகளுக்குச் செல்வதாலும் இடங்கள் கலைந்து மீண்டும் அடுக்கப்படுகின்றன. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணே இங்கு அளவுகோல். ஒவ்வொரு பள்ளியும் பிரிவுக்கு ஒரு குறைந்தபட்ச அளவை வைக்கிறது. சொந்த மாணவருக்கு ஓர் அளவும் வெளியிலிருந்து வருவோருக்குச் சற்று உயர்ந்த அளவும் வைக்கும் பள்ளிகள் உண்டு. இதை அநீதி என்று சிலர் வருந்துவர். பதினோராண்டு தன்னிடம் படித்த பிள்ளையைப் பள்ளி கைவிடாமலிருப்பது குற்றமாகாது என்பது எங்கள் கருத்து. ஆனால் புதிதாய்ச் சேரும் பிள்ளையிடம் எதிர்பார்ப்பு எங்கே நிற்கிறது என்பதை இந்த இரட்டை அளவு காட்டிவிடுகிறது.

பள்ளிக்குப் பள்ளி வேறு வாசல்

தில்லியின் தேர்ந்த பள்ளிகளை ஒரே வரிசையில் நிறுத்தி முதலிடம், இரண்டாமிடம் என்று எண்ணுவது வார இதழ்களின் வழக்கம். உண்மையில் அவை ஒரே வேலையைச் செய்பவை அல்ல.

சாணக்கியபுரியில் 1998-இல் தொடங்கப்பெற்ற சன்ஸ்கிருதி பள்ளி, குடிமைப் பணி அலுவலர்களின் சங்கம் நடத்துவது. அடிக்கடி இடமாறும் மத்திய அரசின் ‘ஏ’ பிரிவு அலுவலர்களின் பிள்ளைகளுக்கு 60 விழுக்காடு இடங்களை ஒதுக்கிவந்தது. 2015 நவம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டைச் செல்லாதென்றது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. இப்பள்ளியின் வாசலில் முதலில் பார்க்கப்படுவது பெற்றோரின் பணி.

அசோகா பிளேஸில் பேராலயத்தின் அருகே 1941-இல் எழுந்த செயின்ட் கொலம்பா பள்ளி ஆண்பிள்ளைகளுக்கு உரியது. அதன் அயலில் பெண்பிள்ளைகளுக்கான ஜீசஸ் மேரி கான்வென்ட், அதனினும் பழையது. இரண்டும் கிறித்தவச் சிறுபான்மை நிறுவனங்கள். அரசியலமைப்பின் 30-ஆம் உறுப்பு தரும் உரிமையால், சேர்க்கையில் தம் சமூகத்தாருக்கு முன்னுரிமை தர இத்தகைய நிறுவனங்களுக்கு இடமுண்டு.

லோதி எஸ்டேட்டிலுள்ள சர்தார் படேல் வித்யாலயா 1958-இல் குஜராத்திக் கல்விச் சங்கத்தால் நிறுவப்பட்டது. அங்கே ஐந்தாம் வகுப்பு வரை இந்திவழிக் கல்வி. தலைநகரின் மேல்தட்டுக் குடும்பங்கள் ஆங்கிலத்தைத் துரத்திக்கொண்டிருக்கும் ஊரில், தாய்மொழிக்கு அருகிலிருந்து கற்பதே நல்லது என்று பல்லாண்டுகளாக நின்ற பள்ளி அது. நாங்கள் மதிக்கும் துணிவு இது. ஆயினும் தமிழ்நாட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு இதே சிறப்பு பெரும் சுவராகவும் ஆகலாம்.

அரவிந்தர் ஆசிரம வளாகத்தில் 1981-இல் தொடங்கிய மிராம்பிகாவில் குழந்தை தன் வேகத்தில், தேர்வில்லாமல் கற்கிறது. அதே வளாகத்தின் மதர்ஸ் இன்டர்நேஷனல் பள்ளி 1956-இல் தோன்றியது. வழக்கமான வாரியத் தேர்வுகளை எழுதும் பள்ளி. ஒரே மரநிழலில் இருவகைப் பள்ளிகள் இருப்பதைக் கண்டால், ‘நல்ல பள்ளி’ என்ற சொல்லுக்குத் தனியே பொருளில்லை என்பது விளங்கும்.

1920-இல் தோன்றிய மாடர்ன் ஸ்கூலும், 1949-இல் மதுரா சாலையில் தொடங்கிய தில்லி பப்ளிக் ஸ்கூலும் பெரிய பள்ளிகள். விளையாட்டு, இசை, விவாதம் என்று பல களங்கள் இத்தகைய பெரிய பள்ளிகளில் திறந்திருக்கும். தானே கையை உயர்த்தி முன்வரும் பிள்ளைக்கு அந்தப் பரப்பு நன்மை செய்யும். அழைத்தால்தான் எழுந்து நிற்கும் பிள்ளை அங்கே யார் கண்ணிலும் படாமல் இரண்டாண்டைக் கழித்துவிட முடியும்.

இவற்றோடு நம்மவர்கள் மறந்துவிடக் கூடாத ஒன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகம். 1923-இல் மதராசிக் கல்விச் சங்கமாகத் தொடங்கிய இக்கழகம், இன்று மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லக்ஷ்மிபாய் நகர், மோதி பாக், பூசா சாலை, ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி ஆகிய ஏழிடங்களில் பள்ளி நடத்துகிறது. அரசு உதவி பெறுவதால் கட்டணச் சுமை குறைவு. தமிழைப் பாடமாகக் கற்கலாம். ‘தேர்ந்தெடுக்கும் பள்ளி’ என்ற பட்டியலில் இவற்றின் பெயர் வராது. ஆனாலும் மேல்வகுப்பில் தில்லி வரும் பிள்ளைக்கு இவற்றின் பயன் பெரிது. அதற்குக் காரணம் மொழி.

திருச்சியிலிருந்து வரும் மாணவி

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். திருச்சியில் எட்டாம் வகுப்பு முடித்த ஒரு மாணவி, தந்தையின் பணிமாற்றத்தால் தில்லியில் ஒன்பதாம் வகுப்பில் சேர வேண்டும். கணிதத்தில் கெட்டிக்காரி. தமிழை விரும்பிப் படித்தவள். இந்தி எழுத்துகள் தெரியும். அதற்கு மேல் இல்லை.

பெற்றோர் முதலில் பெயர்பெற்ற பள்ளி ஒன்றை நாடுகின்றனர். நுழைவுத் தேர்வில் கணிதமும் ஆங்கிலமும் அவளுக்குக் கடினமாயிரா. இடமும் கிடைத்துவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். சேர்ந்த பிறகு இரண்டாம் மொழி என்ற கேள்வி எழுகிறது. அப்பள்ளியில் இந்தியும் சமஸ்கிருதமும் ஓர் ஐரோப்பிய மொழியும் இருக்கலாம், தமிழ் இராது. வாரியத்தின் பட்டியலில் தமிழ் ஒரு பாடமாக உள்ளது என்பது வேறு, அந்தப் பள்ளியில் தமிழாசிரியர் இருப்பது வேறு. இந்தியை எடுத்தால், அதில் ‘ஏ’, ‘பி’ என இரு பாடத்திட்டங்கள் உண்டு. இந்தியை இரண்டாம் மொழியாகக் கற்போருக்கு எளிதானது ‘பி’. வட இந்தியப் பிள்ளைகள் நிறைந்த பள்ளி ‘ஏ’ மட்டுமே நடத்தினால், அந்த மாணவி ஒன்பது ஆண்டு இந்தி படித்தவர்களோடு அமர வேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணில் இந்தப் பாடமும் சேரும். அந்த மதிப்பெண்தான் பதினொன்றின் வாசலைத் திறக்கும். கணிதத்தில் கெட்டிக்காரியான பெண், இந்தியால் அறிவியல் பிரிவை இழக்கும் நிலை இப்படித்தான் உருவாகிறது.

ஆகவே விண்ணப்பம் வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் வினா இதுதான்: ஒன்பதாம் வகுப்பில் எந்த மொழிகள், எந்தப் பாடத்திட்டம்? அடுத்தது கணிதம். 2020-ஆம் ஆண்டுத் தேர்வு முதல் பத்தாம் வகுப்பில் எளிய கணிதத்தாள் ஒன்றும் வழக்கமான தாள் ஒன்றும் உள்ளன. எளிய தாள், மேற்கொண்டு கணிதம் படிக்க எண்ணாதவர்களுக்காக வந்தது. மதிப்பெண் கூடும் என்பதற்காக அதை எடுக்கச் சொல்லும் அறிவுரை, பிள்ளையின் பதினொன்றாம் வகுப்பை முன்கூட்டியே முடிவு செய்துவிடும். வணிகவியல் பயின்றவர்கள் என்ற முறையில் ஒன்றைச் சேர்த்துச் சொல்லலாம். வணிகவியல் பிரிவுக்குக் கணிதம் வேண்டியதில்லை என்று தமிழ்நாட்டில் பலர் எண்ணுகிறார்கள். தில்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் சிறப்புப் பட்டம் பயிலக் கணிதம் கட்டாயம். கணிதத்தை விட்டுவிட்டு வணிகவியலில் சேர்ந்த பிள்ளைக்கு அந்த வாசல் பதினைந்து வயதிலேயே மூடிவிடுகிறது.

வரிசையின் கடைசி இருக்கை

பதினொன்றாம் வகுப்பில், குறைந்தபட்ச அளவை நூலிழையில் தாண்டிச் சேரும் பிள்ளையைப் பற்றிச் சற்று நின்று எண்ண வேண்டும். பெற்றோருக்கு அது வெற்றி. பிள்ளைக்கோ, முன்பு வகுப்பில் முதல் ஐவரில் ஒருவராக இருந்த இடத்திலிருந்து, நாற்பதில் முப்பத்தெட்டாம் இடத்துக்கு வந்த நாள் அது. சில பிள்ளைகள் இதனால் கூர்மை பெறுவார்கள். சிலர் பேசுவதை நிறுத்திவிடுவார்கள். எவர் எவ்வகை என்பது மதிப்பெண் பட்டியலில் இல்லை, வீட்டிலிருப்போருக்குத்தான் தெரியும். மேலும், உயர்ந்த அளவு வைக்கும் பள்ளியில், மாணவர் மாலையில் பயிற்சி வகுப்புக்குச் செல்வர் என்ற எண்ணத்திலேயே பாடம் நகர்வதுண்டு. அப்பள்ளியின் பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் எவ்வளவு பள்ளியினுடையது, எவ்வளவு பயிற்சி வகுப்பினுடையது என்று பிரித்துச் சொல்ல யாராலும் இயலாது.

2022 முதல் தில்லிப் பல்கலைக்கழகத்தின் இளநிலைச் சேர்க்கை, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை விட்டு, சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வுக்கு மாறிவிட்டது. நூற்றுக்கு நூறு கேட்ட கல்லூரிகளை நினைத்து அஞ்சிய காலம் போயிற்று. மதிப்பெண்ணை வாரி வழங்கும் பள்ளி என்ற பெயருக்கு முன்பிருந்த விலை இப்போது இல்லை.

இம்மாற்றத்தின் மறுபக்கம் கவலை தருவது. பெயருக்கு ஒரு பள்ளியில் பதிவு செய்துவிட்டு, நாள் முழுதும் பயிற்சி நிலையத்தில் இருக்கும் வழக்கம் தலைநகரிலும் பரவியது. வாரியம் 75 விழுக்காடு வருகையைக் கட்டாயமாக்கியுள்ளது. திடீர்ச் சோதனைகளுக்குப் பின் 2024 நவம்பரில் தில்லியிலும் ராஜஸ்தானிலுமாக 21 பள்ளிகளின் இணைப்பை அது ரத்து செய்தது. ‘வருகையைப் பற்றிக் கவலை வேண்டாம்’ என்று ஒரு பள்ளியில் சொன்னால், அங்கே கட்டணம் செலுத்துவதைப் பற்றித்தான் முதலில் கவலைப்பட வேண்டும்.

பள்ளியின் உண்மை நிலையை அறிய ஒரு வழி கையருகிலேயே இருக்கிறது. சி.பி.எஸ்.இ. இணைப்புப் பெற்ற ஒவ்வொரு பள்ளியும் கட்டண விவரம், ஆசிரியர் விவரம், முந்தைய மூன்றாண்டு வாரியத் தேர்வு முடிவு முதலியவற்றைத் தன் இணையதளத்தில் கட்டாயம் வெளியிட வேண்டும். தேர்வு முடிவில் சராசரியை விட, எத்தனை பேர் எழுதினர் என்ற எண்ணைக் கவனியுங்கள். பத்தாம் வகுப்பில் இருநூறு பேர் எழுதி, ஈராண்டுக்குப் பின் பன்னிரண்டில் நூற்றிருபது பேரே எழுதியிருந்தால், எண்பது பேர் எங்கே சென்றனர் என்று கேட்பது நியாயமான கேள்வி.

பணத்தின் பக்கம்

இனி எங்கள் துறைக்கு வருவோம். தில்லிக் கல்வி இயக்குநரகத்தின் ஆணைகளின்படி தனியார் பள்ளியின் பதிவுக் கட்டணம் 25 ரூபாய். சேர்க்கைக் கட்டணம் 200 ரூபாய். காப்புத் தொகை 500 ரூபாய். காப்புத் தொகையைப் பள்ளி ஒரு வங்கியில் வைப்பாக வைத்து, மாணவர் விலகும்போது வட்டியோடு திருப்பித் தர வேண்டும். கேட்டு வாங்குவோர் மிகச் சிலரே. மேம்பாட்டுக் கட்டணம், ஆண்டுப் பயிற்றுக் கட்டணத்தில் 15 விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது. அரசு நிலத்தில் அமைந்த பள்ளிகளில் நிலக் குத்தகையின் நிபந்தனைகளும் கட்டணத்தைக் கட்டுப்படுத்தும் என்பது மாடர்ன் ஸ்கூல் வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025-இல் தில்லிச் சட்டமன்றம் நிறைவேற்றிய கட்டணச் சட்டம், பள்ளியளவிலான கட்டணக் குழுவில் பெற்றோருக்கும் இடம் தந்துள்ளது.

நன்கொடை என்ற பெயரில் ரசீதின்றிக் கேட்கப்படும் தொகைக்கு எந்த வகுப்பிலும் இடமில்லை. பதினொரு நீதிபதிகள் அமர்ந்த 2002-ஆம் ஆண்டின் டி.எம்.ஏ. பை அறக்கட்டளை வழக்கு, தனியார் நிறுவனம் நியாயமான உபரி சேர்க்கலாம், கொள்ளை லாபமும் நன்கொடைக் கட்டணமும் கூடாது என்று வரையறுத்தது. அந்த டி.எம்.ஏ. பை, பின்னாளில் சிண்டிகேட் வங்கி எனப் பெயர்பெற்ற நிறுவனத்தை 1925-இல் உடுப்பியில் தொடங்கியோரில் ஒருவர் என்பதை வங்கித் துறையினர் சற்றே பெருமையோடு நினைவுகூர்வோம்.

கட்டணத்தை முதலாண்டுத் தொகையால் அளப்பது பலரிடம் காணப்படும் பழக்கம். ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் கட்டணம், ஆண்டுதோறும் 8 விழுக்காடு உயர்கிறது என்று கொண்டால், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை முறையே 1,20,000, 1,29,600, 1,39,968, 1,51,165 ரூபாய் ஆகும். மொத்தம் 5,40,733. நான்கால் பெருக்கி 4,80,000 என்று எண்ணியவருக்கு 60,733 ரூபாய் துண்டு விழும். பேருந்து, சீருடை, பயிற்சி வகுப்பு ஆகியவை இதில் சேரவில்லை. கடைசி இரண்டாண்டில் பயிற்சி வகுப்பின் செலவு பள்ளிக் கட்டணத்தையும் மிஞ்சக்கூடும். மத்திய அரசு ஊழியருக்கான குழந்தைகள் கல்விப்படி 2024 ஜனவரி முதல் பிள்ளை ஒன்றுக்கு மாதம் 2,812.50 ரூபாய், மேற்கண்ட கட்டணத்தில் முதலாண்டின் நாலில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும்.

பெண்குழந்தையின் பெயரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு வைத்திருப்போர், பத்தாம் வகுப்பு தேறிய பின்னரோ 18 வயது நிறைந்த பின்னரோ, எது முந்தியோ அப்போது, முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த இருப்பில் பாதி வரை கல்விக்காக எடுக்கலாம். சேர்க்கை உறுதிக் கடிதமோ கட்டணச் சீட்டோ காட்ட வேண்டும். பதினொன்றாம் வகுப்புக்கு இது பொருந்தும். என்றாலும் கல்லூரிக்கென வைத்ததை இங்கே கரைப்பது பற்றி இருமுறை எண்ணுமாறு வேண்டுகிறோம். பொதுச் சேமநிதியில் கணக்குத் தொடங்கிய ஆண்டின் முடிவிலிருந்து ஐந்தாண்டு கழிந்தால் பகுதித்தொகை எடுக்கலாம். எட்டாம் வகுப்பிலேயே ஒரு தொடர் வைப்பைத் தொடங்கி, ஏப்ரல் தவணைக்கு முதிரும்படி அமைத்துக்கொள்வது எளிய வழி. அவசரமெனில், தனிநபர் கடனை விட நிலை வைப்பின்மேல் பெறும் கடனுக்கு வட்டி குறைவு. பழைய வருமான வரி முறையில் இருப்போர் இரு பிள்ளைகளின் பயிற்றுக் கட்டணத்தை 1,50,000 ரூபாய் உச்சவரம்புக்குள் கழிவாகக் காட்டலாம். மேம்பாட்டுக் கட்டணமும் நன்கொடையும் அதில் சேரா. கல்விக் கடன் வட்டிக்கான வரிக்கழிவு, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கே உரியது. பள்ளிக் கட்டணத்துக்காக வாங்கிய கடனுக்கு அதை எதிர்பார்க்க வேண்டாம்.

ஊரை விட்டுப் புறப்படுமுன் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்திலிருந்து சி.பி.எஸ்.இ. பள்ளிக்கு வருவோரின் மாற்றுச் சான்றிதழில் அங்குள்ள கல்வி அலுவலரின் மேலொப்பம் வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்தவராயின் இடப்பெயர்வுச் சான்றிதழும் தேவை. தில்லிக்கு வந்தபின் இவற்றுக்காகத் திரும்ப இரயிலேறியவர்கள் பலர். பணிமாற்ற ஆணையின் நகல்கள் நான்கும், வாடகை ஒப்பந்தமும், பிள்ளையின் ஆதார் அட்டையும் அதே உறையில் இருக்கட்டும். பள்ளிக்கும் வேண்டும், எங்கள் கிளைக்கும் வேண்டும்.